பட்டத்தரசி என்பவர் யார்? அரகான் கேத்தரினின் வாழ்க்கை வழியே ஓர் எளிய விளக்கம்

தமிழில் அரசி, ராணி என்னும் சொற்களை இரண்டு வெவ்வேறு நிலைகளுக்கு நாம் வேறுபாடில்லாமல் வழங்கிவருகிறோம். பிறப்புரிமையால் அரியணை ஏறி, தன் பெயரில் ஆணைகள் பிறப்பித்து, நாணயத்தில் தன் முகத்தைப் பொறித்து நாட்டை ஆள்பவரும் அரசிதான். ஆளும் மன்னரை மணந்துகொண்டதால் அந்தப் பட்டத்தை அடைந்தவரும் அரசிதான். இக்கட்டுரையில் முதலாமவரை ஆளும் அரசி என்றும், இரண்டாமவரைப் பட்டத்தரசி என்றும் குறிப்பிடுகிறேன். 1485 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட டியூடர் வம்சத்தில் இந்த இரு வகையினரும் உண்டு. முதலாம் மேரியும் முதலாம் எலிசபெத்தும் ஆளும் அரசிகள். ஏழாம் ஹென்றியின் மனைவியான யார்க் எலிசபெத்தும், எட்டாம் ஹென்றி அடுத்தடுத்து மணந்த ஆறு பெண்களும் பட்டத்தரசிகள். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளாமல் படித்தால் எட்டாம் ஹென்றியின் திருமணங்கள் ஏதோ அந்தப்புர வம்புக் கதையாகவே தோன்றும். இருத்திக்கொண்டு படித்தால், ஒரு பெண்ணை ‘அரசி’ என்று அழைப்பதா வேண்டாமா என்னும் கேள்வி ஏன் ஒரு நாட்டின் சமயத்தையே மாற்றும் அளவுக்குப் போனது என்பது விளங்கும்.

அந்தப் பெண் அரகான் கேத்தரின். ஹென்றியின் முதல் மனைவி. பட்டத்தரசி என்னும் நிலையைப் புரிந்துகொள்ள அவரைவிடப் பொருத்தமான ஒருவரை நான் அறியேன். ஏனென்றால் அந்த நிலை தரும் உயர்வு அனைத்தையும் அவர் அனுபவித்தார், அது பறிக்கப்பட்டபோது எவையெல்லாம் அதோடு சேர்ந்து போகும் என்பதையும் தம் வாழ்நாளிலேயே கண்டார்.

கேத்தரின் 1485 டிசம்பர் 16 அன்று ஸ்பெயினில் மாட்ரிட் நகருக்கு அருகிலுள்ள அல்கலா தெ எனாரெஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அரகான் நாட்டு மன்னர் ஃபெர்டினாண்ட். தாய் காஸ்டீல் நாட்டு அரசி இசபெல்லா. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இசபெல்லா ஃபெர்டினாண்டின் மனைவி என்பதால் அரசியானவர் அல்லர், காஸ்டீலின் அரியணை அவருடைய சொந்த உரிமை. ஆளும் அரசி ஒருவரின் மடியில் வளர்ந்த பெண், அயல்நாட்டில் பட்டத்தரசியாக வாழ்வதற்காகவே வளர்க்கப்பட்டார். அவருக்கு மூன்று வயது நிறைந்த சில மாதங்களில், 1489இல், மெதினா தெல் காம்போ உடன்படிக்கையின்படி இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் ஆர்தருக்கு அவரை மணமுடிப்பதென்று இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. ஆர்தருக்கு அப்போது வயது மூன்றுகூட ஆகவில்லை. டியூடர் வம்சமோ போர்க்களத்தில் வென்று அரியணை ஏறி நான்கே ஆண்டுகள் ஆன புதிய வம்சம். அதற்கு ஐரோப்பாவின் பெரிய அரச குடும்பம் ஒன்றின் சம்பந்தம், அரியணையை உறுதிப்படுத்தும் முத்திரையாகத் தேவைப்பட்டது. வரதட்சணை 200,000 கிரவுன் என்று பேசி முடிக்கப்பட்டது.

ஆக, பட்டத்தரசி என்பவர் முதலில் ஓர் உடன்படிக்கை. காதலோ விருப்பமோ அதில் இடம்பெறுவதில்லை. இரண்டு அரசுகளுக்கு இடையிலான நட்புறவு ஒரு பெண்ணின் உருவில் கப்பலேறி வருகிறது. கேத்தரின் 1501 ஆகஸ்டில் கப்பலேறினார்; புயல் அவரைத் திரும்பத் துரத்தியது; மீண்டும் புறப்பட்டு அக்டோபர் 2 அன்று பிளிமத் துறைமுகத்தில் இறங்கினார். நவம்பர் 14 அன்று லண்டனின் பழைய புனித பவுல் பேராலயத்தில் திருமணம். மணமகளுக்கு வயது பதினைந்து, மணமகனுக்கும் பதினைந்து. வேல்ஸ் எல்லையிலுள்ள லட்லோ கோட்டைக்கு இருவரும் அனுப்பப்பட்டனர். 1502 ஏப்ரல் 2 அன்று ஆர்தர் நோயுற்று இறந்தார். ஐந்து மாதங்கள்கூட நிறையாத அந்த இல்வாழ்க்கையில் கணவன் மனைவி உறவு நிகழ்ந்ததா என்னும் கேள்வி, 27 ஆண்டுகள் கழித்து ஒரு நீதிமன்றத்தில் சாட்சிகளை நிறுத்தி விசாரிக்கப்படும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது. நிகழவில்லை என்று கேத்தரின் சாகும்வரை சொன்னார்.

அடுத்த ஏழு ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம் என்றாலும், அவை கேத்தரினுக்கு விரைவாகக் கடந்துபோகவில்லை. வரதட்சணையின் மறுபாதி வரவில்லை. கொடுத்த பாதியைத் திருப்பித்தர ஆர்தரின் தந்தை ஏழாம் ஹென்றிக்கு மனமில்லை. ஆர்தரின் தம்பி ஹென்றிக்கு அவரை மறுமணம் செய்துவைப்பதென 1503இல் முடிவாயிற்று. அண்ணன் மனைவியைத் தம்பி மணப்பதைத் திருச்சபைச் சட்டம் தடுத்ததால், போப் இரண்டாம் ஜூலியஸ் விதிவிலக்கு ஆணை ஒன்றை வழங்கினார். முதல் திருமணத்தில் உடலுறவு ‘ஒருவேளை’ நிகழ்ந்திருந்தாலும் இரண்டாம் திருமணம் செல்லும் என்பது அதன் சாரம். அந்த ‘ஒருவேளை’ என்னும் சிறு சொல்லின்மீது பின்னாளில் வழக்கறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இதற்கிடையில் 1504இல் தாய் இசபெல்லா இறந்ததும், சம்பந்தத்தின் மதிப்பும் சரிந்தது. நிச்சயத்தை ஏழாம் ஹென்றி இழுத்தடித்தார். டர்ஹம் ஹவுஸ் என்னும் மாளிகையில் பணியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியின்றி, கொண்டுவந்த வெள்ளிப் பாத்திரங்களை விற்றும் அடகு வைத்தும் காலம் தள்ளினார் அந்த இளவரசி. 1507இல் தந்தை அவரையே இங்கிலாந்துக்கான தம் தூதராக அமர்த்தினார். முறையான நியமனக் கடிதத்துடன் அயல்நாட்டு அரசவையில் தூதராகப் பணியாற்றிய ஐரோப்பியப் பெண்களில் முதன்மையானவராக அவரைக் குறிப்பிடுகிறார்கள். அரசியலை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. தம் பசியையும் கடனையும் வைத்தே படித்தார் என்பேன்.

1509 ஏப்ரலில் ஏழாம் ஹென்றி இறந்தார். பதினெட்டு வயது நிறையாத புதிய மன்னர் எட்டாம் ஹென்றி, ஜூன் 11 அன்று கிரீனிச்சில் மிக எளிய சடங்கில் கேத்தரினை மணந்தார். கேத்தரினுக்கு அப்போது வயது இருபத்து மூன்று. ஜூன் 24 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயப் பேராலயத்தில் இருவருக்கும் ஒரே நாளில் முடிசூட்டு விழா நடந்தது. முந்தைய நாள் ஊர்வலத்தில் கேத்தரின் வெண்பட்டு உடுத்தி, நீண்ட கூந்தலை முதுகில் தவழவிட்டு, குதிரைகள் சுமந்த பல்லக்கில் வந்தார். விரித்த கூந்தல் அங்கே கன்னிமையின் அடையாளம். மணமகளும், முடிசூட வரும் பட்டத்தரசியும் அப்படி வருவது மரபு.

முடிசூட்டுதல் என்பதன் பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மன்னரை மணந்த கணத்திலேயே ஒரு பெண் பட்டத்தரசி ஆகிவிடுகிறார். முடிசூட்டு அதற்குக் கட்டாயம் அன்று. எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரில் முடிசூட்டப்பட்டவர்கள் இருவர்தாம்: கேத்தரினும், அவருக்குப் பின் வந்த ஆன் பொலினும். ஆனால் முடிசூட்டு விழாவில் திருநிலைத் தைலம் பூசப்படுகிறது. தைலம் பூசப்பட்டவர் கடவுள் முன்னிலையில் அந்த நிலைக்கு அர்ப்பணிக்கப்பட்டவர் என்பது அக்காலத்து நம்பிக்கை. திருமணத்தால் வந்தது சட்டத் தகுதி என்றால், தைலத்தால் வந்தது புனிதத் தகுதி. ‘நான் முடிசூட்டப்பட்டவள், தைலம் பூசப்பட்டவள்’ என்று கேத்தரின் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னது பிடிவாதத்தால் அன்று. தம் நிலைக்கு இரண்டு வேர்கள் உண்டு என்பதை அறிந்ததால்தான்.

இனி, பட்டத்தரசி என்ன செய்வார் என்பது. அவர் வெறும் அலங்காரம் என்னும் எண்ணம் தவறு. அவருக்கென்று நாடெங்கும் நிலங்கள் எழுதிவைக்கப்படும். அவற்றின் வருவாயில் அவருடைய தனி அரண்மனைப் பிரிவு இயங்கும். அதில் மெய்க்காப்பாளர், கணக்கர், வருவாய் வசூலிப்போர், தோழியர், சமையலாளர், பாதிரியார் என ஒரு சிறிய அரசாங்கமே இருக்கும். கேத்தரினுக்குக் கொடுக்கப்பட்டவற்றில் லண்டனில் தேம்ஸ் கரையிலிருந்த பேனார்ட் கோட்டையும் ஒன்று. மணமான பெண்ணின் சொத்து முழுவதும் கணவன் கைக்குப் போய்விடும் என்றிருந்த இங்கிலாந்துச் சட்டத்தில், பட்டத்தரசிக்கு மட்டும் ஒரு விலக்கு இருந்தது: தனித்த பெண்ணைப் போலவே அவர் தம் பெயரில் நிலம் வைத்திருக்கலாம், கொடுக்கலாம், வழக்குத் தொடுக்கலாம். நாட்டின் மற்ற மனைவியர் யாருக்கும் இல்லாத உரிமை இது.

மன்னிப்புக்காகப் பரிந்து பேசுவதும் பட்டத்தரசியின் கடமைகளில் ஒன்று. 1517 மே முதல் நாள் லண்டனில் தொழில் பழகும் இளைஞர்கள் அயல்நாட்டு வணிகர்களையும் கைவினைஞர்களையும் தாக்கிக் கலகம் செய்தனர். சிலர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 400 பேர் கழுத்தில் சுருக்குக் கயிற்றோடு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் மன்னர் முன் நிறுத்தப்பட்டனர். அவர்களுக்காக அரசி கண்ணீரோடு மண்டியிட்டு வேண்டியதாக அக்காலக் கடிதமொன்று கூறுகிறது, மன்னர் மன்னித்தார். கேத்தரினின் கண்ணீர் உண்மையாகவே இருந்திருக்கும். ஆயினும் அதற்குள் ஓர் ஆட்சி நுட்பமும் உண்டு: மன்னர் தாமாக மனமிரங்கினால் பலவீனம் என்று உலகம் சொல்லும், அரசி மண்டியிட்டதற்காக இரங்கினால் பெருந்தன்மை என்று சொல்லும். நீதியின் கடுமையை மன்னரும், கருணையின் வாசலைப் பட்டத்தரசியும் ஏற்று நிற்பது பல நூற்றாண்டு மரபு.

இவற்றுக்கெல்லாம் மேலாக, மன்னர் நாட்டில் இல்லாதபோது அவருடைய இடத்தில் அமர்ந்து ஆளும் பொறுப்பும் பட்டத்தரசிக்கு வரக்கூடும். இதை ஆட்சிப் பொறுப்பாளர் நிலை எனலாம். 1513 கோடையில் ஹென்றி பிரான்சுமீது படையெடுத்துச் சென்றபோது, படை திரட்டவும் கருவூலப் பணத்தை வழங்க ஆணையிடவும் அதிகாரம் கொடுத்துக் கேத்தரினை ஆட்சிப் பொறுப்பாளராக அமர்த்திவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் வடக்கு எல்லையைத் தாண்டினார். அவர் ஹென்றியின் உடன்பிறந்த அக்காவின் கணவர். போர்க்கொடிகளும் படைச்சின்னங்களும் தைப்பதில் தமக்கு ஓய்வே இல்லை என்று ஆகஸ்டில் கேத்தரின் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. செப்டம்பர் 9 அன்று ஃபிளாடன் என்னுமிடத்தில் சரே பிரபுவின் படை ஸ்காட்லாந்துப் படையை முறியடித்தது. ஜேம்ஸ் மன்னரே களத்தில் மாண்டார். தாமும் வடக்கு நோக்கிப் புறப்பட்டிருந்த கேத்தரின், ஒரு வாரம் கழித்து வோபர்னிலிருந்து கணவருக்கு எழுதிய கடிதத்தில், மாண்ட மன்னரின் மேலங்கியை உங்கள் கொடிகளுக்காக அனுப்புகிறேன், உடலையே அனுப்ப எண்ணினேன், ஆங்கிலேயர் மனம் அதற்கு இடந்தராது என்று எழுதினார். பணிவும் விசுவாசமும் என்று தம் குறிக்கோள் வாக்கியத்தை வகுத்துக்கொண்ட பெண்ணின் கை எழுதிய வரி இது. அவருக்குள் இசபெல்லாவின் மகள் எப்போதும் இருந்தார்.

ஆனால் இந்தத் திறமைகள் எவையும் பட்டத்தரசியின் தலையாய கடமைக்கு ஈடாகாது. ஆண் வாரிசு பெற்றுத் தருவதே அந்தக் கடமை. கேத்தரினின் சின்னம் மாதுளை. அது தென் ஸ்பெயினிலுள்ள கிரனடாவை அவருடைய பெற்றோர் வென்றதன் நினைவு என்றாலும், உள்ளே மணிமணியாக விதை நிறைந்த அந்தப் பழத்தை எல்லாரும் மகப்பேற்றின் அடையாளமாகவே பார்த்தார்கள். 1510 ஜனவரியில் ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. 1511 புத்தாண்டு நாளில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஹென்றி என்று பெயரிட்டு, பீரங்கி முழக்கமும் வீரவிளையாட்டுமாக நாடே கொண்டாடியது. பிப்ரவரி 22 அன்று, 52 நாள்களில், அந்தக் குழந்தை இறந்தது. அதன்பின் மேலும் ஆண் மகவுகளை இழந்தார். 1516 பிப்ரவரி 18 அன்று மேரி பிறந்தார். அவர் ஒருவரே பிழைத்தார். 1518இல் கடைசியாகப் பிறந்த பெண் குழந்தையும் நிலைக்கவில்லை. ஆறு முறை கருவுற்று ஒரே மகள். இதை எழுதும்போது, ஒவ்வொரு முறையும் பேறுகாலத்துக்கு முன் அரசியை இருள் சூழ்ந்த, திரைச்சீலைகள் தொங்கும் அறைக்குள் வாரக்கணக்கில் தனித்திருக்கச் செய்யும் அக்கால வழக்கத்தை நினைத்துக்கொள்கிறேன். மீண்டும் மீண்டும் அந்த அறைக்குள் போய்வந்த ஒரு தாயின் நிலையை நாட்டின் வாரிசுக் கணக்கு எழுதியவர்கள் எழுதிவைக்கவில்லை.

1527 வாக்கில் ஹென்றி இரண்டு முடிவுகளுக்கு வந்திருந்தார். ஒன்று, ஆண் வாரிசு வேண்டும். மற்றொன்று, அரசியின் தோழியருள் ஒருவரான ஆன் பொலினை மணக்க வேண்டும். சகோதரன் மனைவியை எடுப்பவர் பிள்ளையற்றிருப்பர் என்னும் பைபிளின் லேவியராகம வசனத்தைக் காட்டி, தம் திருமணமே தொடக்கத்திலிருந்து செல்லாதது என்றார். பிள்ளையின்றி இறந்த சகோதரனின் மனைவியை மணந்துகொள் என்று அதே பைபிளின் உபாகமம் கட்டளையிடுவதை மறுதரப்பு காட்டியது. இன்றைய பொருளில் இது விவாகரத்து அன்று என்பதைப் புதிதாகப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். விவாகரத்து என்றால் இருந்த திருமணம் முடிகிறது. ஹென்றி கேட்டதோ திருமணமே நடக்கவில்லை என்னும் தீர்ப்பு. அப்படித் தீர்ப்பானால் கேத்தரின் ‘முன்னாள் அரசி’ ஆகமாட்டார். ஒருநாளும் அரசியாக இருந்ததே இல்லை என்றாகிவிடும். ஆர்தரின் கைம்பெண் மட்டுமே, அதாவது ‘விதவை இளவரசி’. மேரி முறைதவறிப் பிறந்தவர் ஆவார்.

பட்டத்தரசி நிலையின் அடிப்படைப் பலவீனம் இதுதான். ஆளும் அரசியின் உரிமை அவருடைய பிறப்பில் இருக்கிறது. பட்டத்தரசியின் உரிமை முழுவதும் திருமணம் என்னும் ஒற்றைத் தூணில் நிற்கிறது. அந்தத் தூண் ஆடினால் நிலங்கள், பணியாளர், நகைகள், பட்டம், பிள்ளையின் வாரிசுரிமை அனைத்தும் சேர்ந்து சரியும். அதனால்தான் 1528இல் போப்பின் தூதராக வந்த கார்டினல் கம்பெஜியோ, கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று நயமாகச் சொல்லிப்பார்த்தபோது கேத்தரின் மறுத்தார். தமக்கு இறைவன் அளித்த அழைப்பு திருமண வாழ்வே என்றார்.

1529 ஜூன் 21 அன்று லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் துறவியர் மடத்தில் கூடிய திருச்சபை நீதிமன்றத்தில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மன்னர் விதானத்தின் கீழ் அமர்ந்திருந்தார். எதிரே சற்றுத் தாழ்ந்த இருக்கையில் அரசி. நடுவர்களாக மன்னரின் தலைமை அமைச்சர் கார்டினல் வுல்சியும் கம்பெஜியோவும். பெயரை அழைத்ததும் கேத்தரின் பதில் சொல்லவில்லை. எழுந்தார். நேரே போக வழியில்லாததால் நீதிமன்றத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து போய், மன்னரின் காலடியில் மண்டியிட்டார். நடுவர்களை அவர் பார்க்கவே இல்லை. இருபது ஆண்டுகள் உங்களுக்கு உண்மையான மனைவியாக இருந்தேன், உங்கள் பிள்ளைகளைப் பெற்றேன், அவர்களைக் கடவுள் அழைத்துக்கொண்டது என் குற்றமன்று, நீங்கள் என்னை மணந்தபோது நான் ஆடவர் தீண்டாத கன்னியாக இருந்தேன், இது மெய்யா பொய்யா என்பதை உங்கள் மனச்சாட்சிக்கே விடுகிறேன் என்று வேற்றுமொழிச் சாயல் மாறாத ஆங்கிலத்தில் பேசினார். பேசி முடித்து எழுந்து வணங்கி, தம் அலுவலர் ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். மூன்று முறை அவரைத் திரும்ப அழைத்தார்கள். இது எனக்கு நடுநிலையான நீதிமன்றம் அன்று என்று சொல்லிப் போய்விட்டார், திரும்பி வரவேயில்லை. மன்னர் வாய் திறந்து மறுக்க முடியாத ஒரே சாட்சியாக மன்னரையே அவர் நிறுத்திவிட்டார் என்பதில்தான் அந்தப் பேச்சின் கூர்மை இருக்கிறது.

வழக்கு ரோமுக்கு மாற்றப்பட்டது. அங்கே போப் ஏழாம் கிளமென்ட்டுக்குத் தம் அச்சம் இருந்தது: 1527 மே மாதம் ரோம் நகரைச் சூறையாடியது பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை, அந்தப் பேரரசர் கேத்தரினின் அக்கா மகன். ஆண்டுகள் ஓடின. இந்த இடைக்காலத்திலும் கேத்தரின் கணவரின் சட்டைகளைத் தம் கையால் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்; 1530இல் அதை அறிந்து ஆன் பொலின் சினந்ததாகத் தூதர் கடிதங்கள் சொல்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு துணி. கேத்தரினுக்கு அது மனைவி என்னும் உரிமையின் அன்றாடப் பயன்பாடு. ஆன் பொலினும் அப்படித்தான் புரிந்துகொண்டார். 1531 ஜூலையில் ஒருநாள் ஹென்றி விண்ட்சரிலிருந்து விடைபெறாமலேயே புறப்பட்டுப் போனார். அதன்பின் கணவனும் மனைவியும் சந்திக்கவில்லை. தாயையும் மகளையும் பிரித்துவைத்தார்கள். மேரி நோயுற்றபோதுகூடத் தாய் அருகில் இருக்க அனுமதி கிடைக்கவில்லை. பட்டத்தை விட்டுக்கொடுத்திருந்தால் மகளைப் பார்த்திருக்கலாமே என்று வாசிப்பவர்கள் கேட்பதுண்டு. விட்டுக்கொடுத்திருந்தால் மகள் முறைதவறிப் பிறந்தவள் என்று தாயே கையெழுத்திட்டதாகும் என்பதே என் பதில்.

1533இல், இங்கிலாந்தின் வழக்குகளை ரோமுக்கு மேல்முறையீடு செய்யக் கூடாதென நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மே 23 அன்று பேராயர் கிரான்மர் டன்ஸ்டபிளில் கூடிய நீதிமன்றத்தில் கேத்தரினின் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஜூன் 1 அன்று ஆன் பொலினுக்கு முடிசூட்டப்பட்டது. ரோமோடு இருந்த உறவு முறிந்து, மறு ஆண்டு மன்னரே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவரானார்.

ஜூலை தொடக்கத்தில் மவுண்ட்ஜாய் பிரபு முதலியோர் ஆம்ப்டில் என்னும் ஊரில் இருந்த கேத்தரினிடம் வந்தனர். காலில் ஊசி குத்தி நிற்க முடியாமல், கடும் இருமலோடு அவர் ஒரு சிறு படுக்கையில் கிடந்தார். இனி விதவை இளவரசி என்றே அழைக்கப்படுவீர்கள் என்று அறிவித்தனர். நான் விதவை இளவரசி அல்லேன், முடிசூட்டப்பட்டுத் தைலம் பூசப்பட்ட அரசி, மன்னரின் உண்மையான மனைவி என்றார். நடந்த உரையாடலை அவர்கள் அறிக்கையாக எழுதிக்கொண்டனர். அதை வாங்கிப் பார்த்த கேத்தரின், பேனாவும் மையும் கொண்டுவரச் சொல்லி, விதவை இளவரசி என்னும் சொற்கள் வந்த இடங்களில் எல்லாம் கோடிட்டு அடித்தார். அந்தத் தாள் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பேனா அழுந்திய கோடுகள் அதில் தெரிகின்றன. படை இல்லை, பணம் இல்லை, மகள் அருகில் இல்லை. அவரிடம் எஞ்சியிருந்த ஆட்சி எல்லை அந்தத் தாளின் வரிகள் மட்டுமே, அதை அவர் விட்டுத்தரவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில், பக்டன் மாளிகையிலிருந்து அவரை வேறிடத்துக்குக் கொண்டுபோக சஃபோக் கோமகன் வந்தார். அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்ட கேத்தரின், என்னைக் கொண்டுபோக வேண்டுமானால் கதவை உடையுங்கள் என்றார். உடைக்கத் துணிவு வரவில்லை. 1534 மார்ச் 23 அன்று ரோம் கடைசியில் தீர்ப்பளித்தது: திருமணம் செல்லும். இங்கிலாந்தில் அதற்கு எந்தப் பலனும் இல்லை. ஈரமும் குளிரும் நிறைந்த கிம்போல்டன் கோட்டையில் அவரைக் கொண்டுபோய் வைத்தனர். அவரை அரசி என்று அழைக்கும் பணியாளர்களைத் தவிர மற்றவர்களோடு அவர் பேச மறுத்தார்.

1536 ஜனவரி முதல் நாள் இரவில், ஸ்பெயினிலிருந்து அவரோடு வந்த தோழி மரியா தெ சாலினாஸ் அனுமதிச் சீட்டு இல்லாமலேயே கோட்டைக்குள் நுழைந்து அவரிடம் சேர்ந்தார். ஜனவரி 7 அன்று கேத்தரின் இறந்தார், வயது ஐம்பது. கடைசி நாளில் ஹென்றிக்கு எழுதியதாகச் சொல்லி உருக்கமான கடிதம் ஒன்று பரவலாக எடுத்தாளப்படுகிறது; அதன் உண்மைத்தன்மையை வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகிறார்கள். எனக்கு அதைவிட உருக்கமாகத் தோன்றுவது பேரரசரின் தூதர் சப்பூயி தெரிவிக்கும் செய்தி. கணவன் உயிரோடிருக்கும்போது மனைவி உயில் எழுத இங்கிலாந்துச் சட்டம் இடந்தராது என்று எண்ணிக் கேத்தரின் உயில் எழுதவில்லை. மன்னருக்கு வேண்டுகோள்களாக ஒரு சிறு தாளை எழுதச்செய்தார். பணியாளர்களின் சம்பளத்தைக் கொடுங்கள், கடன்களைத் தீருங்கள், ஸ்பெயினிலிருந்து நான் கொண்டுவந்த பொற்கழுத்தணியை மகளுக்குக் கொடுங்கள் என்பவை அவற்றுட் சில. விதவை என்று ஒப்புக்கொண்டிருந்தால் தாராளமாக உயில் எழுதியிருக்கலாம். சாகும் நேரத்திலும் மனைவியாகவே பேசினார்.

இதன் மறுபக்கம் அரசாங்கத்துக்கே சிக்கலானது. கேத்தரினின் உடைமைகளை மன்னர் எடுத்துக்கொள்ள விரும்பினார். அவர் உங்கள் மனைவி அல்லர் என்றால், தனித்த பெண்ணான அவருடைய பொருள்களில் உங்களுக்கு உரிமை எங்கிருந்து வரும் என்னும் சங்கடத்தைச் சட்ட அதிகாரி ரிச்சர்ட் ரிச் மன்னருக்கு எடுத்தெழுதி, வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

ஜனவரி 29 அன்று பீட்டர்பரோ மடாலயத்தில் விதவை இளவரசிக்குரிய மரியாதையோடு அவரை அடக்கம் செய்தனர். அரசியாக அடக்கம் செய்யாததால் சப்பூயி அந்தச் சடங்குக்குப் போகவில்லை. மேரி வர அனுமதிக்கப்படவில்லை. நான்கு மாதம் கழிந்து ஆன் பொலினின் தலை வெட்டப்பட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னர் அவருடைய திருமணமும் செல்லாததென்று அதே கிரான்மர் அறிவித்தார், அவருடைய மகள் எலிசபெத்தும் முறைதவறிப் பிறந்தவர் ஆக்கப்பட்டார். ஒற்றைத் தூண் என்று முன்னர் சொன்னது கேத்தரினுக்கு மட்டும் உரியதன்று.

1553இல் மேரி, இங்கிலாந்தின் ஆளும் அரசியானார். அவருடைய முதல் நாடாளுமன்றம் செய்தவற்றுள் ஒன்று, தம் பெற்றோரின் திருமணம் செல்லும் என்று சட்டமியற்றியது. தாயின் உடலைத் தம் அருகில் கொண்டுவந்து வைக்க வேண்டுமென்று மேரி தம் உயிலில் எழுதினார், அது நிறைவேறவில்லை. பீட்டர்பரோவில் இருந்த கல்லறையை 1643இல் உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றப் படையினர் சிதைத்தனர். இன்று அங்கே தரையில் ஒரு கறுப்புக் கற்பலகை இருக்கிறது. மேலே இங்கிலாந்தின் கொடியும் ஸ்பெயினின் கொடியும் தொங்குகின்றன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மனைவியும் தாமே ஒரு பட்டத்தரசியுமான மேரி, அந்த அரசச் சின்னங்களை அங்கே வைக்கச் செய்தார். பார்க்க வருபவர்கள் மாதுளம்பழங்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். கல்லறைக்கு மேலே பொன்னெழுத்துகளில் பொறித்திருக்கிறார்கள்: கேத்தரின், இங்கிலாந்தின் அரசி.